டரட் பிரஸ்ஸில் பிஸ்டல் தோட்டா ரீலோடிங்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

சுட்ட கூட்டில் புதுப் பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது ரீலோடிங்; டைகள் (வேலை செய்யும் அச்சுகள்) பொருத்திய தட்டு சுழலும் கை இயந்திரம் டரட் பிரஸ். இதில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் இன்னொன்று. 4-ஆம் நிலையில் கிரிம்ப் (கூட்டின் வாயைக் குண்டின்மேல் அழுத்தி மூடுவது) கோணலாகத் தெரியும்; 2-ஆம் நிலையில் கூட்டின் வாய் போதிய அளவு விரியாததுதான் காரணமாக இருக்கும். தெரிந்த இடத்தில் இருக்கும் டையைத் திருகினால் ஒரு பிழை இரண்டாகும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்கள் செலவில்லாததில் தொடங்கிச் செலவு பிடிப்பதில் முடிகின்றன. அந்த வரிசையிலேயே போங்கள்.

இங்கே கூடு என்றால் பித்தளைக் கேஸ், குண்டு என்றால் முன்னால் பதியும் புல்லட், பிரைமர் என்றால் கூட்டின் அடியில் தீமூட்டும் சிறு மூடி, பவுடர் என்றால் வெடிமருந்து, தோட்டா என்றால் எல்லாம் சேர்ந்து முடிந்த ரவுண்டு. நிலைகள் நான்கு என்று வைத்துக்கொள்கிறோம். 1-ஆவதில் சைஸிங்கும் (சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்கு அமுக்குவது) பழைய பிரைமரை வெளியே தள்ளுவதும் நடக்கும். கூட்டைத் தாங்கி மேலும் கீழும் போகும் ராம் கீழே வரும்போது புதுப் பிரைமர் ஏறும். 2-ஆவதில் வாய் விரிந்து பவுடர் விழும். 3-ஆவது குண்டு பதிக்க, 4-ஆவது கிரிம்புக்கு. 6, 7, 8 துளை உள்ள தட்டுகளிலும் வேலையின் வரிசை இதுதான்.

எதையும் தொடும் முன்

ரீலோடிங்குக்கு உரிமம் கேட்கும் நாடுகளும் உண்டு, அறவே தடை செய்த நாடுகளும் உண்டு. உங்கள் சட்டம் அனுமதித்தால் மட்டுமே மேலே படியுங்கள். பவுடரின் வகையையும் எடையையும் பவுடர் அல்லது குண்டு தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள். இந்தக் கட்டுரையில் பவுடர் எடை எதுவும் கிடையாது.

பிழை தேடும்போது பவுடர் ஹாப்பரை (பவுடர் கொட்டி வைக்கும் கலம்) மூடுங்கள், பிரைமர் தட்டைக் கழற்றி வையுங்கள். பிரைமரும் பவுடரும் இல்லாத டம்மித் தோட்டாவில்தான் டை சரிசெய்ய வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து கூடுகளை ஓட்டிப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி முகத்திலேயே இருக்கட்டும்.

கையில் வேண்டியவை: 0.001 அங்குலம் காட்டும் காலிபர், தராசு, அதற்கான சோதனை எடைக்கல், கறுப்பு மார்க்கர், துப்பாக்கியிலிருந்து கழற்றிய பேரல்.

டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், அதாவது 1.8 மி.மீ. கால் சுற்று 0.018 அங்குலம். அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, 0.009 அங்குலம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் "கொஞ்சம் திருகிப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. குண்டு பதிக்கும் தண்டின் மரை மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; அதைத் திருகி அளந்துதான் அறிய வேண்டும்.

அறிகுறி 1: டரட் தட்டு சரியான இடத்தில் நிற்கவில்லை

கூடு டையின் வாய்க்கு நேராக வராமல் ஓரத்தில் இடிக்கிறது, அல்லது தட்டு அரைகுறையாகத் திரும்பி நிற்கிறது. தானாகத் திரும்பும் பிரஸ்ஸில் இதைப் பாருங்கள்:

முதலில் லீவர். முழுக்க மேலே, முழுக்க கீழே போகிறதா? பல நேரம் காரணம் இதுதான். பெஞ்ச் ஓரமோ பின்சுவரோ லீவரைத் தடுத்தால் தட்டைத் திருப்பும் சதுரத் தண்டு முழுத் தூரம் திரும்பாது. பெஞ்ச் ஆடினாலும் இதே விளைவு. பிரஸ்ஸைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து அழுக்கு. தட்டு உட்காரும் வளையத்தில் பவுடர் துகளோ பழைய பிரைமர் கரியோ சேர்ந்தால் தட்டு நிற்கும் பள்ளத்துக்கு வராது. தட்டைத் தூக்கி எடுத்து, உலர்ந்த துணியால் வளையத்தைத் துடையுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் இன்னும் தூசியைப் பிடிக்கும், பிரைமருக்கும் பவுடருக்கும் அது எதிரி.

மூன்றாவது, சதுரத் தண்டைப் பற்றித் திருப்பும் சிறிய பிளாஸ்டிக் ராட்செட். ராம் பாதி வழியில் இருக்கும்போது தட்டைக் கையால் திருப்பினால் இதன் மூலைகள் உருண்டு போகும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் சதுரத் துளையின் மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டையாகத் தெரிந்தால் மாற்றுங்கள். விலை மலிவான பாகம். இரண்டு உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

புது ராட்செட் போட்டும் ஒவ்வொரு முறையும் அதே அளவு முன்னாலோ பின்னாலோ நின்றால் தண்டின் கோணம் மாறியிருக்கிறது. தண்டைப் பிடிக்கும் திருகு தளர்ந்ததா என்று பார்த்து, உங்கள் மாடலின் கையேட்டில் சொன்னபடி கோணத்தைச் சரிசெய்யுங்கள். தண்டே வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். சட்டத்தில் விரிசல் தெரிந்தால் பிரஸ்ஸைத் தயாரிப்பாளரிடம் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒன்று: சைஸிங்கின்போது தட்டு ஒரு பக்கம் மயிரிழை அளவு எழும்புவது இந்த வகை பிரஸ்ஸின் இயல்பு. பிஸ்டல் தோட்டாவுக்கு அது பொருட்டல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு எழும்புகிறதா என்பதே முக்கியம்.

அறிகுறி 2: சைஸிங்கில் கனம், சிக்கல், ஊசி உடைதல்

லீவர் திடீரென்று கனத்தால் அழுத்தாதீர்கள். ராமை இறக்கிக் கூட்டை எடுத்துப் பாருங்கள்.

கூட்டுக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா? பெரிய .45 வகைக் கூட்டுக்குள் சிறிய 9 மி.மீ. கூடு நுழைந்து உட்காருவது அடிக்கடி நடக்கும். கூடுகளைத் துலக்கும் டம்ளர் இயந்திரத்தில் சுற்றிய உமி, சிறு கல் எதுவானாலும் பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியை வளைத்துவிடும். கூடுகளைத் தட்டில் கொட்டும்போதே வாயைப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

அடிப்பக்கம் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டான் வகைக் கூடு. நடு ஊசி அங்கே நுழையவே நுழையாது. டார்ச் அடித்து உள்ளே பார்த்து, அப்படிப்பட்டவற்றைத் தனியே போடுங்கள்.

ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடு மட்டும் சிக்குகிறது என்றால் கார்பைடு (மிகக் கடினமான பொருள்) வளையம் உள்ள டையா, இரும்பு டையா என்று பாருங்கள். இரும்பு டைக்கு ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு வேண்டும். கார்பைடு டைக்கு நேர்ச்சுவர்க் கூடுகளில் மசகு தேவையில்லை. 9 மி.மீ. கூட்டுச் சுவர் மேல்நோக்கிச் சற்றுக் குறுகுவதால், பத்தில் ஒரு கூட்டுக்கு லேசாக மசகு தெளித்தாலும் கை வலி குறையும்.

உள்ளேயே மாட்டிக்கொண்டால் கூட்டை அகற்றும் கருவியால் எடுங்கள். சுத்தியலால் மேலிருந்து அடித்தால் ஊசித் தண்டு போகும், கார்பைடு வளையமும் போகலாம். வளையம் கடினம், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். இந்த டையை அமைக்கும்போது ராம் முனையில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் அந்த வளையத்தில் மோதி நிற்காமல், ஒரு காகிதத் தடிமன் இடைவெளி இருக்கும்படி வையுங்கள். உங்கள் டையின் கையேடு வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். கூட்டின் உடலில் நீளவாக்கில் கீறல் விழுந்தால் வளையத்தில் விரிசலோ ஒட்டிய தூசியோ இருக்கும். துடைத்தும் கீறல் போகாவிட்டால் டை தயாரிப்பாளருக்குப் போகட்டும்.

பழைய பிரைமர் வெளியே தள்ளப்பட்டு, ராம் இறங்கும்போது திரும்ப உள்ளே வந்துவிடுகிறதா? அது ஊசிமுனையில் ஒட்டிக்கொள்கிறது. முனையை மெல்லிய மணல்தாளால் வழவழப்பாக்கினால் தீரும்.

கனத்தின் எதிர்ப்பக்கமும் ஓர் அறிகுறிதான். 9 மி.மீ. வரிசையில் ஒரு கூடு மட்டும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் நிறுத்தி அளந்து பாருங்கள். 9 மி.மீ. கூட்டின் அதிகபட்ச நீளம் 0.754 அங்குலம். .380 கூடு 0.680 தான், அதே ஷெல் ஹோல்டரில் மாட்டிக்கொள்ளும். அது தப்பிப் போனால் பவுடர் நிலையில் பிழை தலைகாட்டும்.

அறிகுறி 3: பிரைமர் உயர்ந்து நிற்கிறது, நசுங்குகிறது, தளர்ந்து விழுகிறது

சரியான பிரைமர் கூட்டின் அடிப்பரப்புக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்கும். விரலை ஓட்டிப் பார்த்தால் சிறு பள்ளம் தட்டுப்பட வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் கூட்டை நிறுத்தினால் ஆடக்கூடாது. ஆடினால் பிரைமர் வெளியே நிற்கிறது.

உயர்ந்து நின்றால்: முதலில் கை. பிரைமரை ஏற்றும் விசை லீவரின் கடைசி நகர்வில் இருக்கிறது. அங்கே அவசரப்பட்டால் பாதியில் நின்றுவிடும். இரண்டாவது, பிரைமர் குழிக்குள் கரி. மூன்றாவது, பிரைமரை ஏந்தி வரும் சிறு நெம்பு உட்காரும் ராம் பிளவில் விழுந்த துகள். பழைய பிரைமர்கள் விழும் குழாய் நிரம்பி வழிந்தாலும் இதே தொல்லை. நான்காவது, பிரைமரை அழுத்தும் தண்டின் அளவு மாறிப்போனது. சிறிய பிஸ்டல் பிரைமர் 0.175 அங்குலம், பெரியது 0.210. 

நசுங்கினால், அல்லது ஏறவே மறுத்தால்: ராணுவக் கூடாக இருக்கலாம். அவற்றில் குழியின் ஓரத்தை உள்நோக்கி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை அமுக்கும் ஸ்வேஜ் கருவியாலோ சீவும் ரீமராலோ நீக்கிய பிறகே புதுப் பிரைமர் ஏறும். .45 ஏசிபி கூடுகளில் இன்னொரு பொறி உண்டு: சிறிய பிரைமர் குழியோடும் பெரிய பிரைமர் குழியோடும் இரண்டு வகைக் கூடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெரிய பிரைமரைச் சிறிய குழியில் அழுத்தினால் வெடிக்கலாம். எதிர்ப்பு வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்த கணமே கையை எடுங்கள்.

எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குழி விரிந்துவிட்டது. அந்தக் கூட்டுக்கு வைத்தியம் இல்லை, கழித்துவிடுங்கள். ஒரே மூட்டைக் கூடுகளில் பல இப்படி ஆனால் அவை முன்பு அதிக அழுத்தத்தில் சுடப்பட்டவை. மூட்டை முழுவதையும் சந்தேகப்பட வேண்டும்.

உயர்ந்து நிற்கும் பிரைமரை மறுபடி அழுத்துவது வெறும் கூட்டில் மட்டும்தான். பவுடரும் குண்டும் ஏறிய தோட்டாவில் ஒருபோதும் செய்யக்கூடாது; அதைப் பிரித்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். உயிருள்ள பிரைமரை வெளியேற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் வேறு பிரைமரோ பவுடரோ இல்லாமல், கண்ணாடி அணிந்து, லீவரை நிதானமாக ஒரே சீராக அழுத்துங்கள். இடித்துத் தள்ளக்கூடாது. சுட்ட பிரைமர் கரியில் ஈயம் உண்டு. வேலை நடக்கும் மேசையில் சாப்பாடு வேண்டாம், எழுந்ததும் கை கழுவுங்கள்.

அறிகுறி 4: பவுடர் எடை மாறுகிறது

பொறுமையை முழுக்கச் செலவழிக்க வேண்டிய இடம் இது. மற்றப் பிழைகள் பலவும் தோட்டாவைக் கெடுக்கும்; இது துப்பாக்கியையும் கையையும் கெடுக்கும். எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

எல்லா எடையும் ஒரே பக்கம் மாறியிருந்தால்

தராசைச் சந்தேகப்படுங்கள். சோதனை எடைக்கல்லை வையுங்கள். மின்தராசு சூடேற நேரம் எடுக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் எண் ஓடும். சிறிய மின்தராசுகளின் துல்லியம் பெரும்பாலும் 0.1 கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் சிறு எடை அலகு) கூடக்குறைய. நாலைந்து கிரெய்ன் மட்டுமே போடும் இடத்தில் இது சின்னப் பிழை அல்ல. அதனால் பத்துத் தடவை விழுந்த பவுடரை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுங்கள், சராசரி தெரியும். பிறகு தனித்தனியாக ஐந்து நிறுங்கள், பரவல் தெரியும். இரண்டும் வேண்டும். சராசரி சரியாக இருந்து, ஒன்று குறைந்து ஒன்று கூடியிருந்தால் சராசரி பொய் சொல்கிறது.

தொடக்கத்தில் குறைவு, போகப்போகச் சரியாகிறது என்றால்

ஹாப்பரில் பவுடர் படிய நேரம் எடுக்கிறது. நிரப்பியதும் 15, 20 தடவை விழச் செய்து டப்பாவுக்கே திருப்பிக் கொட்டிவிட்டு, அதன் பிறகு நிறுங்கள். ஹாப்பர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

திடீரென்று ஒன்று குறைவு, அடுத்தது அதிகம் என்றால்

பவுடர் தொங்குகிறது. தட்டையான செதில் பவுடர் சிறு துளையில் பாலம் கட்டி நிற்கும். அடுத்த கூட்டில் அந்த மிச்சமும் சேர்ந்து விழும். குறைந்ததைக் கண்டுபிடித்தால் போதாது, அதற்கு அடுத்ததையும் பிடிக்க வேண்டும். புதுப் பிளாஸ்டிக் பாகங்களின் நிலைமின்சாரம் முதல் காரணம்; ஒரு ஹாப்பர் பவுடரை ஓட்டிவிட்டால், அதன் கிராஃபைட் பூச்சு சுவரில் படிந்து குறையும். விழும் குழாயில் மசகு பட்டிருந்தால் பவுடர் ஒட்டும், கழுவி உலர்த்துங்கள். இரண்டும் செய்து தீராவிட்டால் பவுடரையே மாற்றுங்கள்: சிறு எடைக்கு உருண்டை மணிப் பவுடர் செதில் பவுடரைவிடச் சீராக விழும். அந்தப் பவுடருக்கான அட்டவணையை முதலிலிருந்து, தொடக்க எடையிலிருந்து பாருங்கள்.

சில கூடுகளில் மட்டும் எப்போதும் குறைவு என்றால்

இங்கேதான் பிழை பிறந்த இடம் ஒளிந்திருக்கிறது. கூடு தள்ளும்போதுதான், பவுடரை அளந்து விடும் டிரம் திரும்பும். வாய் அதிகமாக விரிகிறது என்று 2-ஆம் நிலை டையைக் கொஞ்சம் மேலே தூக்கியிருப்பீர்கள். விரிவு சரியாகியிருக்கும், ஆனால் நீளம் குறைந்த கூடுகளில் டிரம் முழுத் தூரம் போகாது, பவுடர் குறையும். ராம் உச்சியில் இருக்கும்போது டிரம் அதன் கடைசித் தடுப்பில் முட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முட்டாவிட்டால் டையை அரைக்கால் சுற்று இறக்குங்கள். கூடுகளை நீளவாரியாகப் பிரித்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். வாய் விரிவுக்கு அளவு: குண்டைக் கையால் வைத்தால் சாயாமல் நிற்க வேண்டும், 0.010 முதல் 0.020 அங்குலம் போதும்.

பவுடர் விழுந்ததா என்றே சந்தேகம் வந்தால்

லீவரைப் பாதியில் நிறுத்தித் திருப்பி இழுத்தால் தட்டு நகராமல் அதே கூட்டில் மறுபடி பவுடர் விழும். தொலைபேசி, கதவுத் தட்டல், பேச்சு எதுவாக இருந்தாலும், வரிசை கலைந்தால் ஷெல் ஹோல்டரில் இருக்கும் கூட்டை எடுத்துக் கொட்டிவிட்டு 1-ஆம் நிலையிலிருந்து தொடங்குங்கள். ஊகிக்க வேண்டாம்.

குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண் போக வேண்டும். பிரஸ்ஸில் ஒரு விளக்கு பொருத்துவது இதற்காகவே. கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கு விழும்போது வழிந்து காட்டிக்கொடுக்கும். .38 ஸ்பெஷல் கூட்டில் கவனம் இரட்டிப்பாகட்டும். அது கரும்பவுடர் காலத்து அளவு; அடர்ந்த நவீனப் பவுடர் இரு மடங்கு விழுந்தாலும் அடியில் சின்னக் குவியலாகவே இருக்கும், மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நிரப்பிய தோட்டாவை எடை போட்டு இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது: பித்தளையின் எடை வேறுபாடே பவுடர் எடையை விழுங்கிவிடும். சந்தேகப்பட்ட தொகுதியைப் பிரித்தெடுப்பதுதான் ஒரே வழி.

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்து அதே டப்பாவில் ஊற்றுங்கள். பெயர் தெரியாத பவுடர் மிச்சத்தை எதிலும் சேர்க்கக்கூடாது.

அறிகுறி 5: குண்டு சாய்கிறது, ஈயம் சீவப்படுகிறது

கூட்டின் வாயில் மெல்லிய ஈய வளையம் நிற்கிறது, அல்லது ஒரு பக்கம் கூடு புடைத்திருக்கிறது.

வாய் விரிவு போதவில்லை என்பது முதல் காரணம். மேலே சொன்ன அளவுக்கு விரியுங்கள். அடுத்தது, பதிக்கும் டையே கிரிம்ப்பும் போடுகிறதா? குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடத் தொடங்கினால் சீவத்தான் செய்யும். 3-ஆம் நிலை டையின் உடலை ஒரு முழுச் சுற்று தூக்கிவிட்டுத் தண்டை அதற்குச் சமமாக இறக்குங்கள். கிரிம்ப்பை 4-ஆம் நிலைக்கு ஒப்படையுங்கள். அதன் பிறகும் சாய்ந்தால் தண்டின் முனை குண்டின் மூக்குக்குப் பொருந்தவில்லை. தட்டை மூக்குக் குண்டுக்குத் தட்டை முனை, உருண்டைக்கு உருண்டை.

குண்டு உள்ளே இருக்கும் இடத்தில் கூடு சுற்றிலும் ஒரே சீராகச் சற்றுப் புடைத்து, அதற்குக் கீழே இடுப்பு போலக் குறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். அது பிடி சரியாக இருப்பதன் அடையாளம்.

அறிகுறி 6: மொத்த நீளம் ஒன்றுபோல் இல்லை

9 மி.மீ. தோட்டாவின் அதிகபட்ச நீளம் 1.169 அங்குலம், .45 ஏசிபிக்கு 1.275, .38 ஸ்பெஷலுக்கு 1.550. இது உச்ச வரம்பு. உங்கள் குண்டுக்கான நீளம் அட்டவணையில் தனியாக இருக்கும்.

0.005 அங்குலம் வரை வேறுபாடு சாதாரணம். அதற்கு மேல் போனால், வரிசையாக: தண்டின் முனையில் ஈயமும் மெழுகும் படிந்திருக்கிறதா (தோட்டாக்கள் மெல்ல மெல்லக் குட்டையாகும்), டையின் பூட்டு வளையம் தளர்ந்ததா, கூடுகள் பல தயாரிப்பா, குண்டுகளே ஒரே பெட்டியில் மூக்கு மாறி வருகின்றனவா. கடைசியதற்கு, குண்டை நீளவாக்கில் அளப்பதைவிட மூக்கு வளைவு தொடங்கும் இடத்தை ஒப்பிடுவதே சரி.

அறிகுறி 7: குண்டு கூட்டுக்குள் நழுவுகிறது

தோட்டாவின் நீளத்தை அளந்து, மூக்கை மேசை ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். 0.005 அங்குலத்துக்கு மேல் குட்டையானால் அந்தத் தொகுதியைச் சுடக்கூடாது. சிறிய கூட்டில் குண்டு உள்ளே போனால் பவுடருக்கு இடம் குறைந்து அழுத்தம் வேகமாக ஏறும், 9 மி.மீ.யில் இது மிகக் கடுமை.

பலரும் உடனே கிரிம்ப்பை இறுக்குவார்கள். இது தவறான பக்கம் போவது. பிடி வருவது சைஸிங்கிலிருந்து, கிரிம்ப்பிலிருந்து அல்ல. கிரிம்ப் மிகுந்தால் ஈயமும் தாமிர உறையும் அமுங்கியபடியே இருக்கும், பித்தளை மட்டும் சற்றுத் திரும்பி விரியும். பிடி இன்னும் தளரும். கிரிம்ப்பை ஒரு தடவை முழுக்கத் தளர்த்திவிட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போதும் நழுவினால் சைஸிங் டை போதிய அளவு இறங்கவில்லை, அல்லது விரிக்கும் பிளக் உங்கள் குண்டுக்குப் பெரிது, அல்லது கூட்டின் சுவர் மெல்லியது. பிளக்கின் விட்டம் குண்டின் விட்டத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு குறைவாக இருக்க வேண்டும். ஒரே தயாரிப்புக் கூடுகளில் மட்டும் நழுவல் வந்தால் அவற்றைத் தனியே போடுங்கள்.

அறிகுறி 8: தோட்டா சேம்பருக்குள் முழுக்க இறங்கவில்லை

கழற்றிய பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியான சேம்பருக்குள் தோட்டாவை விடுங்கள். தானாக விழுந்து, 'டொக்' என்று உட்கார்ந்து, சுழற்றினால் சுழன்று, கவிழ்த்தால் கீழே விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தோட்டா முழுக்க மார்க்கரைப் பூசி, உலரவிட்டு, பேரலில் விட்டுச் சற்றுச் சுழற்றி எடுங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கே பிழை.

மூக்கில் அழிந்தால்: குண்டு, பேரலுக்குள் சுருளாக ஓடும் ரைஃப்ளிங் வரிகளில் முட்டுகிறது. அட்டவணை அனுமதிக்கும் எல்லைக்குள் நீளத்தைக் குறைக்கவும், அப்படிக் குறைத்தால் தொடக்க எடையிலிருந்து மறுபடி ஏறவும்.

வாயில் அழிந்தால்: விரிவு முழுக்க மூடப்படவில்லை. 9 மி.மீ. வாய் விட்டம் 0.380 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, .45 ஏசிபி 0.473-ஐ. கிரிம்ப் டையை எட்டில் ஒரு சுற்றாக இறக்கி அளந்து பாருங்கள். இந்தக் கூடுகள் சேம்பரில் வாயின் விளிம்பைத் தாங்கியே நிற்கின்றன. அதிகம் மடித்தால் தோட்டா ஆழமாக இறங்கும். .38 ஸ்பெஷல் கூட்டின் அடி விளிம்பைத் தாங்கி நிற்பதால் அங்கே மட்டும் குண்டைச் சுற்றி ஓடும் வரிக்குள் உருட்டி மடிக்கலாம்.

குண்டின் அடிப்பகுதி இருக்கும் நடு உயரத்தில், ஒரு பக்கம் மட்டும் அழிந்தால்: குண்டு கோணலாக ஏறியிருக்கிறது, அறிகுறி 5-க்குப் போங்கள். சுற்றிலும் அழிந்தால் குண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். வார்ப்புக் குண்டு பெரிதாக இருக்கும்.

அடிக்கு அருகே அழிந்தால்: சைஸிங் டை எட்டாத உயரத்தில் கூடு புடைத்திருக்கிறது. டையை இறக்க இடமிருந்தால் இறக்குங்கள். சுட்ட துப்பாக்கியின் சேம்பர் தளர்வால் வந்த புடைப்பானால், முழு நீளமும் அமுக்கும் புடைப்பு நீக்கி டை வேண்டும். அது தனிச் செலவு. அடி விளிம்பில் மட்டும் அழிந்தால், சுட்ட கூட்டை வெளியே எறியும் எஜெக்டர் அடித்த பிசிறு, மெல்லிய அரத்தில் தீரும்.

எங்கும் அழியவில்லை, ஆனாலும் இறங்கவில்லையா? தொழிற்சாலைத் தோட்டா ஒன்றை விட்டுப் பாருங்கள். அதுவும் நின்றால் சேம்பர் அழுக்கு. துலக்கிய பின்னும் நின்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

அறிகுறி 9: சுடும்போது தெரிவது

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்தால் பிரைமர் உயர்ந்து நின்றது. முதல் அடி அதை உள்ளே தள்ளியது. அறிகுறி 3. வெடிக்காத எந்தத் தோட்டாவுக்கும் குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து 30 நொடி காத்திருந்து பிறகே எடுங்கள்.

கூட்டின் ஒரு பக்கம் கரி படிந்தால் அழுத்தம் குறைவு. பித்தளை சேம்பரை அடைக்கவில்லை. தராசும் பவுடர் டிரம்மும்தான் பார்க்க வேண்டியவை.

பிரைமர் தட்டையாகவில்லை என்பதால் அழுத்தம் சரி என்று முடிவெடுக்காதீர்கள். .45 ஏசிபியின் அழுத்த உச்சமே 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அங்கே பிரைமரில் அறிகுறி தெரிவதற்குள் எல்லை எப்போதோ கடந்திருக்கும். கூட்டின் அடி புடைத்தாலோ பிரைமரில் துளை விழுந்தாலோ அந்தத் தொகுதி முழுவதும் பிரிக்கப்பட வேண்டும்.

ஓசை மந்தமாக வந்தால், உதைப்பு குறைந்தால், துப்பாக்கியின் இயங்குமுறை பின்னால் போய்த் திரும்பாவிட்டால், உடனே நிறுத்துங்கள். பவுடர் இல்லாத தோட்டாவின் பிரைமர் மட்டும் குண்டைப் பேரலுக்குள் தள்ளிவிட்டு நின்றுவிடும்; அடுத்த தோட்டா அதன்மேல் மோதினால் பேரல் பிளக்கும். மேகசினைக் கழற்றுங்கள், சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள், பேரலைப் பிரித்துப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் குண்டு உள்ளே இருக்கிறது. எந்தச் சூழலிலும் இன்னொரு தோட்டாவால் அதை வெளியே தள்ள முயலக்கூடாது. பொருத்தமான பித்தளைத் தடியால் மெல்லத் தட்டி வெளியேறாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் பேரலை ஒப்படையுங்கள். வெளியே வந்தாலும் பேரலில் வளையம் போல் புடைப்பு இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே மறுபடி சுட வேண்டும். அதே தொகுதியில் மீதமுள்ள தோட்டாக்கள் அத்தனையும் பிரிக்கும் கருவிக்குப் போகட்டும், ஒன்றுகூட விடாமல்.